மாமனார் தூக்கிப் பார்த்த எஸ்.எம்.பி.எஸ்.

இடது கையில் ஒரு பெட்டி, வலது கையில் ஒரு பெட்டி. சேலத்துக் கம்ப்யூட்டர் கடையில் மின்விசிறிக்குக் கீழே நின்றபடி, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் என் மாமனார். நானும் கடைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றோம். மலைமேல் எங்கள் ஊரான மஞ்சக்குட்டையில் மிளகு மூட்டையை அவர் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பார். அன்று அவர் தூக்கியது எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்குவது என் தொழில். பெங்களூரில் ஒரு கம்பெனி, ஒரு கல்யாணத்தை முழுதாகக் கொடுத்து, வருகிற சனிக்கிழமைக்குள் முடித்து அனுப்பச் சொல்லியிருந்தது. நன்றாக வந்தால் மலையிலிருந்தபடியே வேலை செய்யலாம். இல்லாவிட்டால் அங்கே அவர்கள் ஆபீசுக்குப் போய் உட்கார வேண்டும். என் கணவர் ஏற்கெனவே பெங்களூரில்தான் வேலையில் இருந்தார். ஒருவேளை நானும் வர நேர்ந்தால் என்று வாடகைக்கு வீடு பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் மாமனாரும் நானும்தான். நான் போனால் காப்பித் தோட்டத்துக்கு நடுவே அவர் தனியாக இருக்க வேண்டும். அவர் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கும் போக மனமில்லை. அவரை விட்டும், அந்தக் குளிரை விட்டும்.

பெரிய வேலைக்காக, வீடியோவை வேகமாகப் படமாக்கித் தரும் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருந்தேன். அது முழு மூச்சில் வேலை செய்ய ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துபோனது. பழைய எஸ்.எம்.பி.எஸ். அந்தப் பளுவைத் தாங்கவில்லை. எதை வாங்குவது என்று நானும் ஊரெல்லாம் கேட்டு, படிக்க வேண்டியதைப் படித்து வைத்திருந்தேன். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பக்கூடாது. கார்டு குடிக்கிற பன்னிரண்டு வோல்ட்டு லைனில் எவ்வளவு கொடுக்கும் என்று பார்க்க வேண்டும். எங்கள் மலையில் வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் தாங்க வேண்டும். பல வருட வாரண்டி வேண்டும். அப்படி ஒன்றைத்தான் கடைக்காரரும் எடுத்து முன்னால் வைத்தார்.

மாமனார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அலமாரியின் மேல் தட்டில் தூசியோடு கிடந்த இன்னொன்றைக் கேட்டு வாங்கினார். பெயர் தெரியாத பெட்டி. பாரமோ பாரம். அதற்கு வாரண்டி கிடையாது, கம்மி விலையில் யாராவது கேட்டால் கொடுப்பதற்கு வைத்திருக்கிறோம் என்று கடைக்காரர் நேர்மையாகத்தான் சொன்னார்.

“இத்தன பாரத்துக்கு மேல என்னங்க வாரண்டி?” என்றார் மாமனார். “மோட்டாருல செம்பு அதிகமிருந்தா பாரமா இருக்கும். பாரமா இருந்தா நின்னு ஓடும்.”

பம்புசெட்டு மோட்டாருக்கு அது சரிதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் ஓரளவு சரி என்று சொல்பவர்கள் உண்டு. நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மருமகளுக்கு நான்தான் வாங்கித் தருவேன் என்று கிளம்பும்போதே ஒற்றைக் காலில் நின்று வந்தவர். கடைக்காரர் எதிரில் அவர் தேர்ந்ததைத் தட்டிவிட எனக்கு வாய் வரவில்லை. மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரரிடமும் கொடுத்து, தூக்கிப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் மாட்டினேன். கொஞ்ச நேரம் ஓடியது. கார்டு பளு இழுத்ததும் டப்பென்று ஒரு சத்தம், கருகல் நாற்றம், இருட்டுத் திரை. கார்டும் போயிருந்தால் சனிக்கிழமையும் போயிற்று, மஞ்சக்குட்டையும் போயிற்று. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திரும்ப மாட்டி, திரையில் வெளிச்சம் வந்து, கார்டு உயிரோடிருப்பது தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாமனார் எரிந்த பெட்டியை எடுத்துப்போய்க் காப்பி காயவைக்கும் களத்தில் வைத்தார். உடனே பிரிக்கவில்லை. கரண்டைத் தேக்கி வைத்திருக்கும் பம்புசெட்டு கெப்பாசிட்டரிடம் ஒருமுறை ஷாக் அடி வாங்கியவர் என்பதால், மறுநாள்வரை போட்டுவைத்துவிட்டுத்தான் திருப்புளியை எடுத்தார். மூடியைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். உள்ளே ஒரு மூலையில் இரும்புத் துண்டு ஒன்று பசையால் ஒட்டியிருந்தது. ஒரு ஒயர்கூட அதற்குப் போகவில்லை. அது எடைக்காகவே வைத்த துண்டு.

மிளகில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றி விற்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர் அவர். தன் மிளகைக் கலகலவென்று காயவைத்துத்தான் மூட்டை கட்டுவார். துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“ஈர மொளகு, கண்ணு,” என்றார்.

எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பாவமாக இருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு அவர் தனியாகவே கிளம்பினார். நானும் வருகிறேன் என்றதற்கு, உட்கார்ந்து வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு, கார்டைக் கழற்றிவிட்டு, மெதுவாக வெட்டுகிற வேலையை மட்டும் செய்தேன். கடையில் நடந்ததைக் கடைக்காரர்தான் பிறகு போனில் சொன்னார். கடைக்காரர் புதுப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி நீட்டினாராம். மாமனார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாராம். “நான் தொடமாட்டனுங்க. எம் மருமவ சொன்னது எதோ, அதையே பையில போடுங்க” என்றாராம்.

சனிக்கிழமை பிற்பகல் கடைசிக் கட்டத்தை ஓடவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் இடி உறுமத் தொடங்கியது. எங்கள் வீட்டில் முதல் இடிக்கே டி.வி., மிக்சி, சார்ஜர் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவது வழக்கம். பிடுங்குவது மாமனார். அன்றும் எழுந்து வந்தவர், பிளக்குக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். இன்னும் கொஞ்சம்தான் மாமா, இடி தூரத்தில்தானே இருக்கிறது என்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பிளக்கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தார். டியூப்லைட் மங்கி, மினுக்கி, மறுபடி எரிந்தது. பழையதாக இருந்தால் அதற்கே அணைந்திருக்கும். புதியது அசையவில்லை. மாமனார் திரையைப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சுற்றும் விசிறியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து, அனுப்பியும் ஆயிற்று என்று சொன்னதும் எழுந்து பிளக்கைப் பிடுங்கினார்.

இதை எழுதும்போதும் அதே எஸ்.எம்.பி.எஸ். தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்டு இரண்டு முறை மாறிவிட்டது. மாமனார் வெளியே யாரோ மிளகு வியாபாரியிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார். முன்பு சேலம் போவதென்றால் எனக்கு எது வேண்டும் என்று அவரே முடிவு செய்வார். இப்போது கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறோம்.

வேலை உனக்குத்தான், அங்கிருந்தே செய் என்று அந்தக் கம்பெனியிலிருந்து சேதி வந்தது அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை. அடுப்படியிலிருந்து சொன்னேன். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது எனக்கு. மாமனார் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு வாசலுக்குப் போய் மகனுக்குப் போன் போட்டார். அத்தனை நாள் அவர் பேசாத விஷயத்தை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன்.

“ஊடு பாக்கறத நிறுத்திப்போடு, சாமி. அவ எங்கயும் வரல. பாக்கோணும்னா நீ வா.”