புகைக்கூட்டைச் சுற்றி ஒரு சாண்

எங்கள் அப்பாவுக்கு மீன்துண்டு களவெடுக்கிற பழக்கம் இருக்கிறது என்றுதான் சின்ன வயதில் நம்பியிருந்தேன்.

அப்போது கண்டாவளையில் எங்களுக்குத் தென்னோலைக் கிடுகு வேய்ந்த குசினி. அம்மாவுக்கு முட்டு வருத்தம். அடுப்பு மூட்டினால் புகையில் மூச்சு இழுக்கும். புகைக்குள் நிற்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விறகடுப்பை விட்டால் எங்களிடம் வேறு அடுப்பு இல்லை. அதனால் அம்மாவின் தம்பி, என் மாமா, கிளிநொச்சியிலிருந்து சைக்கிளில் புகை வெளியே போக ஒரு தகரக் குழாயைக் கட்டிக்கொண்டு வந்தார்.

கூரையில் ஓட்டை வெட்டும்போதுதான் பிரச்சினை. குழாய் இறுக்கமாகப் போனால்தான் மழை ஒழுகாது என்றார் மாமா. அப்பா கேட்கவில்லை. குழாயைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கிடுகை வெட்டி எடுத்தார்.

“அத்தான், குழாய் போகவோ, யானை போகவோ ஓட்டை வெட்டுறியள்?”

“யானை வந்தாலும் பரவாயில்லையடா. சுடுதகரம் கிடுகில முட்டக்கூடாது.”

குழாயை முகட்டுக்கு மேலே உயர்த்தி, நுனிக்கு ஒரு தொப்பி போட்டார். இடைவெளிக்கு மேலே குடை மாதிரி ஒரு தகரம் பொருத்தினார். அம்மா புகைக்கூட்டுக்குத் திருநீறு பூசிப் பால் காய்ச்சினா. அன்றைக்குத்தான் அடுப்பு எரியும்போது அம்மாவின் முகம் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

மாரி வந்தது. சாய்ந்தடித்த மழை அந்த இடைவெளியால் சொட்டி, குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அப்பா வயலுக்குப் போன நேரம் பார்த்து அம்மா கதிரையில் ஏறி, அதற்குள் தேங்காய்ப் பொச்சை நன்றாக அடைத்தா. ஒழுக்கு நின்றுவிட்டது.

பின்னேரம் அப்பா கால் கழுவாமலே குசினிக்குள் வந்தார். ஏதோ கருகி மணந்திருக்கிறது. கையை மேலே விட்டு அடைத்திருந்ததை இழுத்தார். பொச்சின் உட்பக்கம் கனன்றுகொண்டிருந்தது. முற்றத்தில் எறிந்து தண்ணீர் ஊற்றினார். விரல்கள் பொங்கிப்போயிருந்தன. அம்மா அழுதுவிட்டா.

“ஒழுகினதுக்குத்தானப்பா அடைச்சனான்.”

“ஓம், ஒழுகட்டும். சட்டியை மற்றப் பக்கம் வைப்பம். நனைஞ்சது காயுமெல்லே.”

களவு தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு நாளும் எல்லாரும் சாப்பிட்டு முடிந்ததும் அப்பா தனியாகக் குசினிக்குள் போவார். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கை முதலில் மேலே போய்க் குழாயைச் சுற்றியிருந்த கிடுகைத் தடவியது. பிறகு கீழே வந்து சட்டி மூடியைத் திறந்தது. எனக்கு அந்த மூடிதான் பெரிதாகத் தெரிந்தது.

“அம்மா, அப்பா மீன் களவெடுக்கிறார்.”

“பூனை எடுக்கிறதுக்கு அவர் எடுக்கிறது நல்லம். நீ போய்ப் படு.”

அம்மா ஒவ்வொரு நாளும் சட்டியில் ஒரு துண்டை விட்டுவிடுவா. அவாவுக்கு மறதி என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த மாரிக்கு அப்பா இல்லை. அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டில் மறுபடி மீன், மச்சம் காய்ச்சத் தொடங்கியிருக்கிறோம். நேற்றுச் சாப்பிட்ட பிறகு நான்தான் குசினிக்குள் போனேன். கையை உயர்த்திக் கிடுகைச் சுற்றித் தடவினேன். குளிர்ந்துதான் இருந்தது. பிறகு சட்டியைத் திறந்தேன்.

ஒரு துண்டு கிடந்தது. அம்மா ஒருநாளும் மறந்ததில்லை.