மூன்றாவது முறை கேட்காத கேள்வி

ஈரானில் கான்சாருக்கும் கோல்பாயகானுக்கும் நடுவில் முப்பத்தொரு வருடமாக மினிபஸ் ஓட்டுகிறவர் ஐனுல்லா. தன் வாழ்க்கையில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. காலையில் எழுவார், தேநீர் குடிப்பார், வண்டியைக் கிளப்புவார். மாலையில் வீட்டுக்கு வந்து வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவார். அவ்வளவுதான்.

ஆனால் டெஹ்ரானிலிருந்து வந்த பெஹ்ரங் என்ற இயக்குனருக்கு அந்த 'அவ்வளவுதான்' பிடித்திருந்தது.

"உஸ்தா, நீங்க நடிக்கவே வேணாம். தினமும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. நாங்க ஓரமா நின்னு பாத்துக்கிறோம்."

"நான் பஸ் ஓட்டுறத யார்ப்பா காசு குடுத்துப் பாப்பான்? பஸ்ஸுலயே பாதிப் பேரு காசு குடுக்க அழுவுறான்."

பெஹ்ரங் சிரித்தான். இலையுதிர் காலத்தில் நான்கு நாட்கள் கேமராவோடு வந்து தங்கினான்.

வீட்டுக்குள் படம் எடுக்கும்போது ஒலிப்பதிவுக்காரனின் கெடுபிடி தாங்க முடியவில்லை. வானொலி கூடாது. குளிர்பெட்டியின் முனகல்கூடக் கூடாது. அதன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தன் கார்ச் சாவியை உள்ளே முட்டைகளுக்குப் பக்கத்தில் வைப்பான். திரும்பக் கிளம்பும்போது சாவியைத் தேடுவான், அப்போது மின்கம்பியைச் செருக மறக்க மாட்டான் அல்லவா? இதைப் பார்த்து ஐனுல்லாவின் மனைவி தல்அத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாவிக்கு ஜலதோஷம் புடிக்கப் போவுது!"

கடைசி நாள் மாலை. ஐனுல்லா தரையில் துணி விரித்துச் சாப்பிட உட்காரும் காட்சி. பெஹ்ரங் தயங்கிக்கொண்டே கேட்டான்.

"உஸ்தா, தேநீர உங்க வீட்டு கானும் கொண்டாந்து வைக்கிற மாதிரி எடுக்கலாமா? அவங்களும் படத்துல இருக்கட்டுமே."

"ஐயோ, அவளுக்கு எதுக்குப்பா சிரமம். வேணாம்."

"சிரமமா? எங்களுக்குப் பெருமை உஸ்தா. வரட்டுமே."

"உன் அன்பே போதும் தம்பி. வேணாம்."

அந்த ஊரில் முதல் மறுப்பும் இரண்டாவது மறுப்பும் மரியாதைக்காகச் சொல்வது. மூன்றாவது முறை கேட்டால்தான் கேள்வி, அதற்குச் சொல்வதுதான் பதில். பெஹ்ரங்குக்கும் இது தெரியும். ஆனால் அவன் ஜன்னலைப் பார்த்தான், வெயில் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. "சரி, அப்படியே எடுத்துடலாம்" என்று கேமரா பக்கம் திரும்பிவிட்டான்.

திரைச்சீலைக்குப் பின்னால், பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளைப்பூ போட்ட சாதரைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தல்அத் மூன்றாவது கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"மாஹ்ருக் அப்பா, மூணாவது தடவ கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"சரின்னுதான்."

"பாவம் அந்தப் புள்ள. வெளிச்சம் போயிடுச்சு அவனுக்கு." இருமிக்கொண்டே சிரித்தாள். ஐனுல்லா வானொலியைப் போட்டார்.

வசந்தம் முடிவதற்குள் தல்அத் போய்விட்டாள். நுரையீரல் முழுக்கப் புற்று பரவியிருந்தது. "இத்தனை நாளா வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று இஸ்ஃபஹானில் மருத்துவர் கேட்டபோது, "கொஞ்சம் தொண்டைக் கரகரப்புதான் டாக்டர்" என்று அவளே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். கணவனைக் காட்டிக்கொடுக்காத மகராசி!

வீட்டில் அவளுடைய புகைப்படங்கள் ஐந்தோ ஆறோ இருந்தன. எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் அப்படிப்பட்டவளா? அவள் நடப்பதை, குனிந்து தேநீர் ஊற்றுவதை ஒரே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்த ஏக்கம் ஐனுல்லாவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் பெஹ்ரங் தொலைபேசியில் அழைத்தான். வியாழக்கிழமை மதியம் இஸ்ஃபஹானில் படத்தைத் திரையிடுகிறார்களாம். 'அவ எங்கயாவது தெரியுறாளா?' என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. நாலு நாள் வீட்டுக்குள் கேமரா ஓடியிருக்கிறதே! எந்த மூலையிலாவது, எந்தக் கதவிடுக்கிலாவது அவள் விழுந்திருக்க மாட்டாளா?

மகள் மாஹ்ருக்குடன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். திரையில் மினிபஸ் மலைச்சாலையில் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. பின்வரிசையில் யாரோ, "பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தா சீக்கிரம் போயிரலாம்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஐனுல்லா சிரிக்கவில்லை. வீடு எப்போது வரும் என்று காத்திருந்தார்.

வீடு வந்தது. சமையலறை வாசல் வந்தது, காலி. முற்றத்துக் கொடி வந்தது, அதில் அவள் துவைத்த துணிகள் மட்டும் ஆடின. ஒவ்வொரு மூலையையும் அவர் கண்கள் துழாவின. அவள் இல்லை. எங்குமே இல்லை.

கடைசிக் காட்சி. அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பின்னால் திரைச்சீலை. அதன் அடியிலிருந்து ஒரு கை தேநீர்த் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போகிறது.

மாஹ்ருக் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "அப்பா… அம்மா கை."

அதன் பிறகு திரையில் ஒன்றும் நடக்கவில்லை. கேமரா அசையவில்லை. வானொலி இல்லாத, குளிர்பெட்டி முனகாத அந்த வீட்டின் நிசப்தத்தில் ஓர் இருமல் கேட்டது. அடக்கப் பார்த்த, துணியில் பொத்திக்கொண்ட இருமல். திரையிலிருந்த ஐனுல்லா ரொட்டியைப் பிய்த்தார். மறுபடி இருமல், இந்த முறை நீளமாக. அவர் நிமிரவில்லை. மறுபடியும். பிறகு திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் குரல்: "சக்கர போதுமா?"

"ம்ம்" என்றார் திரையிலிருந்த ஐனுல்லா.

அரங்கிலிருந்த ஐனுல்லாவுக்கு எழுந்து அந்தத் திரைக்குள் ஓடி, அந்த மனுஷனின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பாருடா பாவி! ஒரே ஒரு தடவ திரும்பிப் பாரு!

திரையிலிருந்தவர் திரும்பவில்லை. ரொட்டியைத் தின்று முடித்தார். படமும் முடிந்தது.

விளக்குகள் எரிந்தன. பெஹ்ரங் அவரை மேடைக்குக் கைபிடித்து அழைத்துப் போனான். கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, "அந்தக் கடைசிக் காட்சி ஏன் அவ்வளவு நீளம்? அதுல ஒண்ணுமே நடக்கலையே?" என்று கேட்டார்.

பெஹ்ரங் வாயைத் திறப்பதற்குள் ஐனுல்லா சொன்னார்.

"நடந்துச்சுங்க. என் பொண்டாட்டி செத்துக்கிட்டு இருந்தா. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."



வெளியே வாசற்படியில் பெஹ்ரங் தலை குனிந்து நின்றான். "ஒலிப்பதிவுக்காரன் அந்த இருமல எடுத்துடலாம்னு சொன்னான் உஸ்தா. நான்தான் வேணாம்னுட்டேன். அது வீட்டோட சத்தம்னு நெனச்சேன். கானும் தவறிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கி நான் மூணாவது தடவ கேட்டிருக்கணும்."

"நானும் மொதல் தடவையே சரின்னு சொல்லியிருக்கணும் தம்பி."

பெஹ்ரங் பையிலிருந்து ஒரு குறுந்தகட்டை எடுத்தான். "படம் இதுல இருக்கு. வச்சுக்கிறீங்களா?"

ஒரே ஒரு தடவைதான் கேட்டான். மறுக்காமல் ஐனுல்லா இரண்டு கையையும் நீட்டினார். மாஹ்ருக் வியப்போடு அப்பாவைப் பார்த்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பஸ் இல்லாத நாள். காலையில் ஐனுல்லா வானொலியைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தார். குளிர்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார். மினிபஸ் சாவியை உள்ளே முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, படத்தைக் கடைசிக் காட்சிக்கு ஓட்டினார்.

"சக்கர போதுமா?"

"போதும்மா" என்றார் ஐனுல்லா, அந்தக் காலி வீட்டில். "நீ வந்து கொஞ்ச நேரம் உக்காரு."