பாக்கெட் சரசா

காலை ஆறு மணிக்கு போன் அடித்தது. ரேவதி அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தாள். பேசியது பின்தெரு சரசாக்காவின் மகன் தேவா.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. நெஞ்ச அடைக்குதுன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள…"

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. ரேவதி கேஸை மூடினாள். போட்டுப் பார்க்கச் சொல்லி நேற்றுச் சாயங்காலம் சரசாக்கா கொடுத்த ரவிக்கை நாற்காலி மேல் கிடந்தது. வெளிர்நீல மல் துணி. ஐப்பசிக்கென்று தைத்தது.

கள்ளிக்குப்பத்தில் அவளுக்குப் 'பாக்கெட் சரசா' என்று பெயர். ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அவள் தைத்தது பாக்கெட்டுகள் மட்டும்தான். காலர் ஒருத்தி, கை ஒருத்தி, பாக்கெட் சரசா. "எத்தினி பேரு எம் பாக்கெட்ல கைய வுட்டுகினு பனில நிக்கறானுங்க! ஆனா முழுசா ஒரு சட்ட நான் தச்சதில்ல, தெரியுமா?" என்பாள். ஓய்வுக்குப் பின் முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்க உட்கார்ந்தாள். அதை முழுசாகவே தைத்தாள். ஆனாலும் கைப்பழக்கம் விடவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் உள்பக்கம் ஒரு சின்ன பாக்கெட் இருக்கும்.

"இன்னாக்கா இது, மிலிட்டிரி ஜாக்கெட்டா? மெடல எங்க குத்தறது?" என்று எதிர்வீட்டு வனஜா ஒருமுறை சண்டைக்கு வந்தாள்.

"உன் ஊட்டுக்காரன வெச்சி சமாளிக்கிற பாரு, அதுக்கே ஒரு மெடலு குடுக்கலாம்டி. குத்திக்க."

வனஜா அடுத்த ரவிக்கைக்குத் துணி கொடுக்கும்போது, பாக்கெட் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்றாள்.

ரேவதிக்குச் சித்திரையில் வலது மார்பை எடுத்திருந்தார்கள். அதிலிருந்து நைட்டியும் மேலே ஒரு துப்பட்டாவுமாக வீட்டோடு கிடந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் கணக்குப் பார்த்த கம்பெனியில், தீபாவளி கழித்து வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வருகிறேன் என்று சொல்ல நா எழவில்லை. வாசல் கேட்டைத் தாண்டவே உடம்பு கூசியது.

ஒருநாள் சரசாவே வந்து ரவிக்கைப் பேச்சை எடுத்தாள். ரேவதி பீரோவிலிருந்து அளவு ரவிக்கை ஒன்றை எடுத்து நீட்டினாள். சரசா அதை விரித்துப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது பழைய ரேவதி. இப்ப கீற ரேவதிக்கு அளவு எடுக்கணும். கதவ சாத்து."

கணவனுக்கும் மருத்துவருக்கும் பிறகு அந்தத் தழும்பைப் பார்த்தது சரசாதான். முகத்தில் எதையும் காட்டாமல் டேப்பை வைத்தாள். "காத்து போற துணியா இருக்கணும். ஐப்பசில மழ பேஞ்சாலும் புழுங்கும், பேயலன்னாலும் புழுங்கும். லைனிங் வேணாம், உரசும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ரேவதியின் வலக்கை மேலே எழும்பாது. அதனால் கைக்குழியை இறக்கி வெட்டினாள். கொக்கிகளை விட்டுவிட்டு, ஒரே கையால் அழுத்திப் போடுகிற பெரிய பட்டன்களை வைத்தாள். வலப்பக்கம் உள்ளே ஒரு பாக்கெட். அதற்குள் வைக்க, மெல்லிய துணியில் பஞ்சைத் திணித்து, பஞ்சுக்கு நடுவே ஒரு பிடி கடுகு போட்டுத் தைத்தாள்.

"கடுகு எதுக்குக்கா?"

"வெறும் பஞ்சுன்னா மேல ஏறிக்கும்மா. கனம் வேணும்ல? மழைல மட்டும் நனஞ்சிடாத. முளைச்சிக்கும்."

அறுவை சிகிச்சைக்குப் பின் ரேவதி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

நேற்று அதைக் கொடுக்கும்போது, "போட்டுகினு ஊட்ல நடந்து பாரு. எங்கனா உரசுதான்னு சொல்லு. நாளிக்கி கொண்டாந்தீன்னா பாக்கெட் வாய மடிச்சி அடிச்சிக் குடுத்துடறேன்" என்றாள் சரசா. ரேவதி போட்டுப் பார்க்கவில்லை. காலையில் ஆகட்டும் என்று வைத்துவிட்டாள்.

"நீ இரு. துக்கத்துக்கு நான் மட்டும் போயிட்டு வர்றேன்" என்றான் அவள் கணவன் இளங்கோ.

ரேவதி அறைக்குள் போய் ரவிக்கையைப் போட்டாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள். எங்கும் உரசவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் இல்லை. பாக்கெட்டின் வாய் தொங்கியது. ஓர் ஊக்கைக் குத்தினாள். நூல் புடவையைச் சுற்றிக்கொண்டு, இளங்கோவுக்கு முன்னால் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள்.

சாமியானாவின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் பயந்தபடி யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் சரசாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வனஜா ஓடிவந்து இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள். ரேவதிக்கு உடம்பு விறைத்தது. ஆனால் கடுகு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு அவளும் வனஜாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"உள்ள இன்னாடி குத்துது?" என்றாள் வனஜா, மூக்கைத் துடைத்தபடி.

"ஊக்குக்கா. இன்னிக்கு அடிச்சுத் தரேன்னாங்க."

"எங்கூட்லயும் மிஷின் கீது. கொண்டா, நான் அடிச்சித் தரேன்."

"சரிக்கா."

துக்க வீட்டிலிருந்து திரும்பினால் கட்டிய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். குளியலறையில் சொம்பைத் தூக்கிய கை நின்றது. ரேவதி ஊக்கைக் கழற்றி, கடுகுப் பொதியை வெளியே எடுத்து, நனையாமல் அலமாரித் தட்டில் வைத்தாள். முளைச்சிக்கும். சிரிப்பு வந்தது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

தீபாவளி கழித்து எஸ்டேட்டுக்கு அந்த வெளிர்நீல ரவிக்கையில்தான் போனாள். இப்போதும் போகிறாள். வனஜா பார்க்கும்போதெல்லாம், அடித்துத் தர அதைக் கேட்கிறாள். ரேவதி கொடுக்கவில்லை. பாக்கெட்டின் வாய் இன்னும் மடித்து அடிக்கப்படவில்லை.