கோடு கலையாத பாறை

அந்தப் பாறையில் கோடுகள் இருந்தன. கறுப்பு, சாம்பல், மறுபடியும் கறுப்பு. நடுவே சுண்டுவிரல் பருமனில் ஒரு வெள்ளைக் கல் ரேகை, குழியின் சுவரில் மேலிருந்து கீழாகச் சாய்ந்து இறங்கியது. இத்தனை வருஷம் கழித்தும் கண்ணை மூடினால் அந்தச் சுவர்தான் முதலில் வருகிறது. மனிதர்கள் அப்புறம்தான் வருகிறார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தந்திக் கம்பத்துப் பீங்கான்களுக்கு வெள்ளைக் களிமண் வேண்டுமென்று அமிர்திக்கு மேலே, ஜவ்வாது மலைச் சரிவில் சோதனைக் குழிகள் தோண்டினோம். நான் குறிப்பெழுதும் உதவியாளன். வேலூர்க்காரன், கல்லைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவன். தோண்டுகிறவர்களுக்குத் தலைவர் மேஸ்திரி. அடிவாரத்துக் கத்தோலிக்கர், கிணறு வெட்டியே தோள் அகன்றவர். சுவர் பாறையா மண்ணா என்று தெரிய அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு துண்டைப் பெயர்த்து நாக்கில் வைப்பார். பாறையென்றால் வழுக்கும். களிமண்ணாகிவிட்டதென்றால் நாக்கைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால், சுவருக்கு மர முட்டுக் கொடுத்த பிறகுதான் ஆளை இறக்குவார்.

அந்த வியாழக்கிழமை அவர் நாக்கில் வைக்கவில்லை. மாதம் ஒருமுறை வரும் பாதிரிச் சாமியார் அன்று நடுப்பகலுக்கு முன் வந்து அவருடைய அப்பாவுக்கு வருஷப் பூசை வைப்பதாக ஏற்பாடு. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோயிருந்த தம்பியும் அவரும் சமாதானமாகி, பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு நற்கருணை அப்பம் நாக்கில் வாங்குவதாகப் பேச்சு. அந்தக் காலத்து விதிப்படி அதற்கு முந்தின நள்ளிரவிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. மறுநாள் ஆபீசர் வருகிறார், குழி ஆழம் காட்டவேண்டும். அதனால் கோயில் மணி அடிக்கும்வரை வேலை.

“சார், இன்னிக்கு என் வாயி பூட்டிக் கெடக்குது. நீங்கதான் கொஞ்சம் நாக்குல வெச்சிப் பாருங்களேன்” என்று ஒரு துண்டை நீட்டினார்.

குழிக்குள் இறங்கித் தோண்டிக்கொண்டிருந்த அந்தத் தம்பி சொன்னான்: “வுடுண்ணே. அது வேலூரு நாக்கு. பிரியாணி கேக்கும், மண்ணு கேக்குமா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டேன். “கோடு கலையாமல் இருக்கிறதே, பாறைதான்” என்றேன். மேஸ்திரி கடப்பாரையால் தட்டினார். வெள்ளை ரேகையில் பட்டுக் கணீரென்றது. “கோடு நேராத்தான் போவுது” என்றார், பாதி தனக்குள். நான் எழுதினேன்: கெட்டிப் பாறை, முட்டுத் தேவையில்லை.

பாறை எந்த நாளில் மண்ணாகிறது? இலைச் சருகில் ஊறிய மழைநீர் இலேசான புளிப்போடு விரிசலில் இறங்குகிறது. பாறையின் வெளிர்க் கனிமத்திலிருந்து உப்புச் சத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகிறது. மிச்சமிருப்பது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு களிமண்ணாகிவிடுகிறது. ஆனால் எதுவும் இடம் பெயர்வதில்லை. கோடு கோடாகவே இருக்கிறது, கரையாத வெள்ளைக் கல் தன் இடத்திலேயே நிற்கிறது. உருவம் பாறை, உடம்பு மண். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்துவிட்டு, தேடி வந்த களிமண்ணுக்கு எதிரே நின்றுகொண்டு அதைப் பாறை என்று எழுதினேன். அறியாமையா, அவமானமா, எது எழுதியது அந்த வரியை? இன்றும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

முந்தின நாள் மழை உள்ளே ஊறியிருந்தது. கோயில் மணி அடிக்குமுன்னே சுவர் சத்தமில்லாமல் சரிந்து வழிந்தது. தம்பி கழுத்துவரை புதைந்தான். மண்வெட்டி பட்டுவிடுமென்று மேஸ்திரி கையாலேயே தோண்டினார். தம்பியின் அக்குளில் கட்டிய கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். வெளியே எடுத்தபோது தம்பிக்கு உயிர் இருந்தது. வலது கால் மட்டும் கால்போல் இல்லை. பின்னால் வேலூர் ஆஸ்பத்திரியில் அதை முழங்காலோடு எடுத்தார்கள்.

மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுபோகிற வழியில்தான் கோயில். நானும் கூட நடந்தேன். சாமியார் அப்போதுதான் வந்திருந்தார். பார்த்தவுடன் ஓடிப்போய் நற்கருணையை எடுத்து வந்தார். தம்பி படுத்தபடியே வாங்கிக்கொண்டான். சாமியார் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

மேஸ்திரி உதட்டை இறுக்கித் தலையசைத்தார். “எனக்கு வாணாம் சாமி. தோண்டிக்கினு இருக்க சொல்ல வாயில மண்ணு பூட்ச்சி.”

“மண்ணு என்ன சாப்பாடா? அதனால உபவாசம் முறியாதுப்பா. வாயைத் திற.”

மேஸ்திரி உதட்டு மண்ணைப் புறங்கையால் துடைத்தார். பிறகு மெதுவாக, “அப்போ காலைல நாக்குல வெச்சிருந்தாலும் முறிஞ்சிருக்காதா சாமி?” என்று கேட்டார்.

சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னப்பா சொல்கிறாய் என்பதுபோல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கேள்வி விளங்கியவன் அங்கே நான் ஒருவன்தான். எனக்கு உபவாசமில்லை, என் நாக்குக்கு எந்தப் பூட்டுமில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேஸ்திரி கடைசியில் வாயைத் திறந்தாரா, இல்லையா? எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தும் தெரியவில்லை. அப்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.