ஓடாத வண்டியில் போய் வந்த ஊர்கள்

போன வெள்ளிக்கிழமை நானும் என் கணவரும் ஒரு பழைய எஸ்யூவியைப் பார்க்கப் போனோம். தஞ்சாவூரிலிருந்து காலையிலேயே கிளம்பியாயிற்று. தரங்கம்பாடிக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஊர்.

மார்கழி இல்லையா... மயிலாடுதுறை தாண்டியும் பனி விலகவில்லை. சம்பா கதிர்விட்டு நிற்கிற வயல்களில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. எல்லாமே வெள்ளையாக மிதந்தது. இப்படி ஒரு காலையில் யாருக்காவது பேரம் பேசும் புத்தி வருமா? எனக்கு வரவில்லை.

வண்டி என் கணவருக்காக. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் குட்டிக் காரில் அவர் உட்கார்ந்துவிடுவார் – எழுந்திருப்பதுதான் பாடு. உயரமான வண்டியாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதுசு நமக்குக் கட்டாது. ஆகவே பழசு.

பழைய வண்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து, நான் அரை மெக்கானிக் ஆகியிருந்தேன். பையில் டார்ச், ஒரு காந்தம், ஒரு வெள்ளைத் துணி. போலீஸ் நாய் ஒன்றுதான் பாக்கி.

எங்களை வரவேற்றவர் ரஹிமா. முப்பதுகளில் இருப்பார். கணவர் சாதிக் வளைகுடாவில் வேலை செய்கிறார். ஒரு லீவில் வந்தபோது ஆசையாக வாங்கிய வண்டியாம். லீவு முடிந்து அவர் போனதும் ஷெட்டில் ஏறியது, அங்கேயே நிற்கிறது. கொழுந்தன் அவ்வப்போது எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு நிறுத்துவார். இப்போது சாதிக்கின் வேலை இன்னும் சில வருடங்களுக்கு நீண்டுவிட்டது. நிற்கிற வண்டியை உப்புக்காற்று தின்றுவிடும், விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். கொழுந்தன் கடைக்குப் போயிருந்ததால் சாவியோடு இவரே வந்தார்.

நான் வேலையைத் தொடங்கினேன். கதவுகளில் காந்தம் ஒட்டியது – அடிபட்ட இடத்தைப் பட்டி பூசி மறைத்த வண்டி இல்லை. பானெட் சில்லென்று இருந்தது – நாங்கள் வருமுன் சூடாக்கி வைக்கவில்லை. சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆனது. சைலன்சரில் வைத்த துணி கருக்கவில்லை. அடியில் மட்டும் லேசாகத் துரு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். நம் பக்கத்தில் பழைய வண்டி பார்க்கிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்முனையில் சேறு ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். இதில் கோடு இல்லை.

டிரைவர் சீட்டில் ஏறியபோதுதான் உறுத்தியது.

மீட்டர் காட்டியது ரொம்பக் குறைவு. ஸ்டீயரிங்கோ கை பட்டுப் பட்டுப் பளபளத்தது. சீட்டில் பள்ளம். பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதுசு, மாற்றியிருப்பார்கள் போல. வீடியோக்கள் சொல்வது இதைத்தானே – மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்!

என் கணவர் காதில் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"மீட்டர்ல யாராவது கை வச்சாங்களாம்மா?" என்று கேட்டேவிட்டார்.

ரஹிமாவுக்குக் கோபம் வரவில்லை. முகம் சிவந்து, தரையைப் பார்த்தார்.

"அதுல நாந்தாங்க உட்காருவேன்... மதியத்துல."

கூட்டுக் குடும்பம். மாமனார், மாமியார், கொழுந்தன் வீட்டார், பிள்ளைகள். கணவரோடு தனியாக நாலு வார்த்தை பேச, கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா? இந்த வண்டிதான் அந்த இடம். மதியம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு இதில் ஏறிவிடுவாராம். ஒருநாள் சாதிக் விளையாட்டாக, இன்றைக்கு எங்கே போகிறோம் என்று கேட்டிருக்கிறார். இவரும் விளையாட்டாக ஸ்டீயரிங்கைப் பிடித்து, நாகூர் என்றிருக்கிறார். அன்று தொடங்கியது. சாதிக் வழி சொல்வார், இவர் வளைப்பார். ஒருநாள் காரைக்கால் கடற்கரை, ஒருநாள் திருவையாறு, ஒருநாள் வேளாங்கண்ணி. வண்டி ஷெட்டை விட்டு நகராது. ஆனால் டெல்டா முழுக்க இரண்டு பேரும் சுற்றி முடித்திருந்தார்கள்.

நான் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். என் கணவர் பக்கத்தில், ரஹிமா பின்னால். ஊர் தாண்டியதும் இரு பக்கமும் வயல். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது பனி நமக்குக் கீழே கிடந்தது. கதிர்களுக்கு மேலே படகில் போவது மாதிரி... பிரேக் நேராகப் பிடித்தது, கியர் வெண்ணெய். என் கணவர் முட்டியை நீட்டி உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு வலி முகம் இல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

கண்ணாடியில் ரஹிமா தெரிந்தார். அவர் வயலைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். போன் கவருக்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டாராம். யாரும் ஓட்டாதே என்று சொன்னதில்லை. யாரும் ஓட்டு என்றும் சொன்னதில்லை. இவ்வளவு பெரிய வண்டியில் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருந்தால்...

ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து ஓரம்கட்டி இறங்கினேன். என் கணவரைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரஹிமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். முதல் தடவை வண்டி குலுங்கி அணைந்தது. அடுத்த தடவை நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"இப்ப மதகு வருது... வளையுறேன்... இடது பக்கம் வயல்ல கொக்கு நிக்குது... இப்ப ஆத்துப் பாலம்..."

என்னிடம் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. பனி மெல்லக் கலைந்து, காற்றில் கடல் வாசம் வந்தது.

பாலம் தாண்டி வண்டியை நிறுத்தினார். போனில் கணவரைக் கூப்பிட்டார். அங்கே வெள்ளி விடுமுறை. தூக்கக் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"என்ன காலையிலயே... இன்னிக்கு எங்க போறோம்?"

ரஹிமா கேமராவை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினார். ரோடு, ஆறு, வயல்.

சாதிக் கேட்டார், "யாரு ஓட்டுறா?"

"நாந்தான்."

"என்கிட்ட சொல்லிக்கிட்டே ஓட்டு" என்றார் சாதிக்.

ஓட்டும்போது போன் பேசக் கூடாதுங்க என்று ரஹிமா சொல்ல, நாங்கள் எல்லோருமே சிரித்துவிட்டோம். போனை வைத்தபின் அவர் என் பக்கம் திரும்பினார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. விற்க மனமில்லை என்று வாங்க வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது?

பின்சீட்டிலிருந்து என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. வண்டி நல்ல வண்டிதான். ஆனா எனக்கு இது ஒத்துவராது. ரொம்ப உயரம்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொன்ன பொய்களிலேயே அழகான பொய் அது. அதற்காக நான் அவரைக் கடைசிவரை மன்னித்துவிடுவதாக இருக்கிறேன்.

நேற்று ரஹிமாவிடமிருந்து போன். மாமியாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நிஜமாகவே நாகூர் போய் வந்துவிட்டாராம். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டேன். இருந்தது, ஆனால் வழியெல்லாம் ஸ்பீடு பிரேக்கர், இவ்வளவு இருக்கும் என்று வழி சொல்கிற அவங்க ஒருநாளும் சொன்னதே இல்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

கனவில் யார் வேகத்தடை போட்டு வைக்கிறார்கள், சொல்லுங்கள்.