பாட்டின் நடுவே ஒரு இருமல்

வங்காளிகள் நடுவே, டாக்குரியாவில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு இங்கிலீஷ் கேசட் உண்டு. லண்டனில் நாலு பையன்கள் இசைத்தட்டுக் கம்பெனி எதையும் எதிர்பார்க்காமல் வீட்டு அறையிலேயே வாசித்துப் பதிவு செய்த பாட்டுகள். தாளம் ரெகே என்கிற ஆட்டத் தாளம், குரல் மட்டும் கோபம். என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸ் நண்பர் வீட்டுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே இசைத்தட்டை ஓடவிட்டுப் பிடித்துவந்தது.

எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் இரண்டாவது பாட்டின் நடுவே ஒரு இருமல் வரும். வீட்டில் பாடினால் இருமலும் சேர்ந்துதானே வரும். "பாவம், அந்தப் பையனுக்குக் கஷாயம் வச்சுக் கொடுக்க ஆளில்லை போல" என்பேன். அவர் சிரிப்பார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. இந்த வருஷம் துர்கா பூஜைக்கு வீட்டை ஒழித்தபோது, நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாடி வீட்டு மாலாவுக்குக் கேசட்டைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கேசட்டும் ஃபோனுமாக இறங்கி வந்தாள்.

"மாமி, அதே பாட்டு இதுல சுத்தமா இருக்கு, கேளுங்கோ."

கேட்டேன். இருமல் வரவேண்டிய இடத்தில் தாளம் மட்டும் போனது.

"இருமலை எடுத்துட்டாளா?"

"பாட்டுல இருமலே கிடையாது மாமி. மாமா ரெக்கார்ட் பண்றச்சே பக்கத்துல யாரோ இருமியிருக்கா."

பழைய ரெக்கார்டரில் கேசட்டைப் போடச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு, பாட்டு கெட்டுவிடக் கூடாதென்று பாதியில் விழுங்கிய இருமல். அவருடையதேதான்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் அந்த இடம் வந்ததும், கஷாயம் வேண்டுமா என்று கேட்கிறேன்.