மூன்று மூன்றாக அடித்த மணி

ராமநாதபுரத்தை விட்டு வெளியே போகும் சாலையில், வீடுகள் முடிந்து கருவேலங்காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடம். போன கோடை விடுமுறையில் அதன் பழைய கட்டடத்தை இடிக்கப் போனேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொஞ்ச நாள் லாரி, பிறகு இறால் பண்ணை என்று சுற்றிவிட்டு வேலையில்லாமல் நின்ற நேரம். எந்தக் கட்டடம் என்று மேஸ்திரி சொல்லவில்லை. வேனை விட்டு இறங்கியதும்தான் தெரிந்தது. தலை நரைத்த பிறகும் அந்த வாசல் என்னைப் பயமுறுத்தும் என்று நினைக்கவில்லை.

அந்தப் பள்ளியின் கதையை அதன் விடுதியில் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டுப் பாதிரிச் சாமியார் ஒருவர் ஓலைக் கொட்டகை போட்டு ஆரம்பித்தார். அதைப் புயல் கொண்டுபோனது. பிறகு கடலில் வெட்டிய பவளக்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கி, நீளமாக ஓட்டுக் கட்டடம் எழுப்பினார். அடுத்த புயலில் மணியை விடாமல் அடித்து, சுற்றியிருந்த குடிசைச் சனத்தை அதற்குள் கூட்டி வைத்தாராம். பாதி ஓடு பறந்தது, சுவர் நின்றது. காலப்போக்கில் பக்கத்தில் மூன்று மாடி வந்தது, பெண்பிள்ளைகளும் வந்தார்கள். பழைய சுவரில் உப்பேறிக் கல் மாவாக உதிரவும் பூட்டிப் போட்டார்கள்.

மாறாதது மணிதான். பன்னிரண்டு மணிக்கு, மாதாவுக்குச் சொல்லும் மூவேளைச் செபம். மூன்று அடி, நிறுத்தி மூன்று, நிறுத்தி மூன்று. கேட்டதும் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். உருளும் பந்தை விட்டுவிட வேண்டும். அய்யனாரைக் கும்பிடுகிற முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளான நாங்களும் நின்றோம். அசைந்தவன் கெண்டைக்காலில் தலைமை ஆசிரியரின் பிரம்பு விழும். செபம் எனக்கு மறந்துவிட்டது. கெண்டைக்காலுக்கு மறக்கவில்லை.

ஓடு இறக்க வந்தவர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள். மேஸ்திரியும் நானும் கூட்டாளி ஒருவனும்தான் மிச்சம். கூட்டாளி ஆர்.எஸ்.மங்கலத்துக்காரன்; விடுதியில் எனக்கு அடுத்த பாயில் படுத்தவன்.

"ஏலே, வாங்குன அடிக்கெல்லாம் இன்னிக்குத் திருப்பிக் குடுத்துருவோம்லே," என்று சுவரைத் தட்டினான்.

"வேலையப் பாரு. கோடிச் சுவரு ஒத்தையா நிக்கிது."

"பயமாலே? நீ அன்னிக்கும் இப்படித்தான். மணி அடிக்குமுன்னயே வெறச்சுப்போய் நிப்ப."

"அந்தக் கோடிக்குக் கீழ யாரும் போகாதீங்கப்பா," என்றார் மேஸ்திரி. "சாயங்காலம் கயிறு கட்டி இங்கன இருந்து இழுப்போம்." சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

கூட்டாளி கல் உடைக்கும் பிரேக்கர் மெஷினை வைத்துப் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டே போனான். போகப்போகக் கோடிச் சுவருக்கு அடியிலேயே வந்துவிட்டான். சுவர் அவன் பக்கம் சாய்வதை எதிர் மாடியிலிருந்து ஒரு சிஸ்டர் பார்த்திருக்கிறார். இங்கேயே படித்து, இங்கேயே டீச்சர் ஆனவர். அவர் கத்தியது பிரேக்கர் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். அவர் கைக்குப் பழகிய அடி ஒன்றுதான். மூன்று. நிறுத்தி மூன்று.

பிரேக்கர் ஓய்ந்தது. கூட்டாளி அதைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றான். கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. நானும் நின்றேன். பன்னிரண்டு ஆகவில்லை என்று நிழலைப் பார்த்தாலே தெரிந்தது. தெரிந்தும் நின்றேன்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. கல்லுக்கு நடுவிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டும் சத்தம். நிமிர்ந்தேன். அவன் தலைக்கு மேலே சுவரின் விளிம்பு மெல்ல நகர்ந்தது. கத்த நினைத்தேன், வாய் திறக்கவில்லை. கால் என்னுடையதாகவே இல்லை.

"என்னலே கும்புட்டுக்கிட்டு நிக்கிறீங்க! செவரு வருதுலே!"

மேஸ்திரியின் குரல். அவர் இந்தப் பள்ளியில் படிக்காதவர்.

எனக்கு உடம்பின் விறைப்பு விட்டது. கூட்டாளி இன்னும் குனிந்த தலையோடு நின்றான். கையிலிருந்த, தலை கழன்ற சம்மட்டிக் காம்பை அவன் காலைக் குறிவைத்து வீசினேன். கெண்டைக்காலில் சுளீரென்று விழுந்தது. "அம்மா" என்று துள்ளி என் பக்கம் ஓடிவந்தான். அவன் நின்ற இடத்தில் சுவர் விழுந்தது. பிரேக்கர் அடியில் போய்விட்டது. வெகுநேரம் வெள்ளைத் தூசியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் அழுதுகொண்டே ஓடிவந்தார். "ஓடுவீங்கன்னுதாம்ப்பா அடிச்சேன்."

"விடாம அடிச்சிருக்கணும் சிஸ்டர்," என்றான் கூட்டாளி, காலைத் தேய்த்துக்கொண்டு. "அந்தச் சாமியாரு புயலுக்கு அடிச்சாராமே, அது மாதிரி." சிரிக்கப் பார்த்தான்.

பன்னிரண்டுக்கு மறுபடி மணி அடித்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாங்கள் இருவரும் எழுந்து ஓடினோம். கூரையும் சுவரும் இல்லாத மைதானத்தின் நடுவுக்குப் போய், அங்கேதான் நின்றோம்.